கொரியா நிலவரம், கட்டுகஸ்தோட்டை

மழை ஈரம் ஏறிய கார்பன் தாளுக்கு ஒரு வாசனை உண்டு. மெழுகும் மண்ணெண்ணெயும் பழைய இரும்பும் கலந்த மாதிரி, மூக்கின் பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எழும்பவே எழும்பாது. போன கிழமை கண்டி அரசாங்கக் கச்சேரியில் ஒரு விண்ணப்பத்துக்காகக் காத்திருந்தேன். வெளியே வாவிக்கு மேல் மழை சாய்ந்து பெய்தது. ஜன்னலோரத்துக் கிளாக்கர் நீலம் தேய்ந்த ஒரு கார்பன் தாளை உதறி, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்தார். அவ்வளவுதான். நான் கச்சேரியில் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், பஸ்கள் நிற்கும் இடத்தில், பலகையால் அடித்த ஒரு கூண்டுக்கு முன்னால் இருபது வயதுக்காரியாக நின்றேன்.

கூண்டுக்குள் அவர் இருந்தார். மை பென்சிலை நாக்கு நுனியில் தொட்டுத் தொட்டு எழுதுவார். அதனால் அவருடைய கீழுதட்டில் எந்நேரமும் ஓர் ஊதாப் புள்ளி. திருமண வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புள்ளியோடுதான் வருவார். வயது முப்பத்தைந்து இருக்கலாம். நாற்பதும் இருக்கலாம். அவரைக் கேட்டால் பிறப்புச் சான்றிதழில் உள்ளதைச் சொல்லிவிட்டு, அதை எழுதியவரைத் தனக்குத் தெரியாது என்றும் சேர்த்துக்கொள்வார்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். பஸ் கம்பனியின் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனைக்குப் போனது என்று குறிப்பதும், நேரம் வந்ததும் விசில் ஊதுவதும் அவர் வேலை. அதற்கு முன்னால், யுத்த காலத்தில், பேராதனைப் பூந்தோட்டத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் தலைமையகம் கொட்டில் கொட்டிலாக இருந்ததே, அங்கே தட்டச்சு எழுத்தராக இருந்தார். பர்மாப் பக்கத்துச் செய்திகளைத் திரட்டி அதிகாரிகளுக்குத் தினமும் ஓர் அறிக்கை போகுமாம். அதை அடித்தவர்களில் இவரும் ஒருவர். யுத்தம் முடிந்தது. வெள்ளைக்காரன் கொட்டிலைப் பிரித்தான். நாடும் கைமாறியது. எல்லாம் போனபிறகும் அந்த அறிக்கை மட்டும் இவருடைய கையை விட்டுப் போகவில்லை.

தினமும் மாலை நான்கரைக்கு ஒரு 'நிலவரம்' எழுதுவார். ஏழு பந்திகள். மகாவலி ஆற்றின் நீர்மட்டம், மேலே தோட்டப் பக்கத்து ரோட்டு, மண்சரிவு, கடைத்தெருச் செய்தி, பஸ்கள், வெளிநாடு என்று ஆறு பந்தி. ஏழாவது பந்திக்குத் தலைப்பு 'தெரியாதவை'. அன்றைக்கு எது எது தனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாக எழுதிக் கீழே கோடு போடுவார். சில நாட்களில் மற்ற ஆறும் சேர்ந்து நாலு வரி, ஏழாவது மட்டும் பக்கம் முழுக்க.

ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ஓர் எழுத்தும் ஓர் இலக்கமும் இருக்கும். பேராதனையில் ஆங்கில எழுத்தில் போட்டதை இவர் தமிழாக்கி வைத்திருந்தார். எழுத்து, சொன்ன ஆளுக்கு. 'அ' என்றால் ஒருநாளும் பிழையாகச் சொல்லாதவர். ஆ, இ, ஈ என்று நம்பிக்கை இறங்கி, கடைசி 'ஊ' என்றால் ஆளை யாரென்றே தெரியாது. இலக்கம், செய்திக்கு. ஒன்று என்றால் வேறு ஆட்களும் சொல்லி உறுதியானது. அப்படியே இறங்கி, ஆறு என்றால் மெய்யா பொய்யா என்று சொல்ல வழியில்லை.

கடைத்தெரு இதைப் பிடித்துக்கொண்டது. கடன் கேட்டு வருகிறவனை "இவன் ஊ-ஆறு" என்று அனுப்பினார்கள். அலுமினியப் பாத்திரக் கடை முதலாளிக்கு மட்டும் மனத்தாங்கல். முஸ்லிம்களில் அண்ணனை நானா என்பார்கள், அதனால் நாங்கள் ரேடியோ நானா என்று கூப்பிடுகிறவர். டைம்கீப்பர் வெளிநாட்டுச் செய்தி கேட்கப் போவது அவருடைய கடைக்குத்தான். அலுமாரி அளவு ரேடியோ. அதில் வருகிற செய்திக்கே 'ஆ-2' என்று போட்டால் மனுசனுக்கு எப்படி இருக்கும்?

"இந்தாங்க, கொழும்புக்கே போய் வாங்கிக்கொண்டு வந்தீக்கிற ரேடியோ. அதுக்கும் ஆவன்னாவா? அவன் என்ன, எண்ட கடைக்குள்ள உக்காந்துகொண்டு பொய்யா செல்லுறான்?"

"பொய் எண்டு நான் எழுதேல்லையே முதலாளி. வாசிக்கிறவர் போய்ப் பாத்தவரோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அவ்வளவுதான்."

நானா தேத்தண்ணி கொடுக்காமல் இரண்டு நாள் பழி தீர்த்தார். மூன்றாம் நாள் கொடுத்தார். பழியில் நிலைத்து நிற்க அவருக்கு வராது.

ஒருமுறை பன்வில பஸ்ஸின் டிரைவர் வளைவில் புலியைப் பார்த்தேன் என்று மூச்சிரைக்க வந்து நின்றான். கூட்டம் கூடிவிட்டது. இவர் பென்சிலை நாக்கில் தொட்டார். எவ்வளவு உயரம்? எந்தப் பக்கம் பார்த்து நின்றது? கால் எத்தனை? நாலுங்க, புலிக்கு நாலு காலுதானே என்றான் டிரைவர். எண்ணினாயா என்று கேட்டார். எண்ணவில்லை என்று ஒத்துக்கொண்டான். 'பன்வில வளைவில் புலி. இ-4. கால்கள் உறுதிப்படுத்தப்படவில்லை' என்று பலகையில் ஏறியது. அடுத்த நாள் பார்த்தால் அது தோட்டத்துத் துரையின் மஞ்சள் நிற நாய். 'நேற்றைய புலி இன்று நாய். கால்கள் நான்கு. நேரில் எண்ணியது. அ-1.' இதற்காகவே மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறி வளைவு வரைக்கும் போய்விட்டு வந்திருக்கிறார் மனுசன்.

வத்தேகமையிலிருந்து ஒரு குடும்பம், மாப்பிள்ளை பார்த்திருக்கிறோம், உங்கள் பஸ்ஸில் கண்டக்டர்தான், பையன் எப்படி என்று வந்து விசாரித்தது. நல்ல பையன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் எழுதிக் கொடுத்தார். 'காலை ஐந்தரைக்கு வருகிறார். ஒருநாளும் பிந்தியதில்லை. அடிக்கடி சிரிக்கிறார். எதற்கென்று தெரியாது.' கல்யாணம் நடந்தது. பத்து வருடம் கழித்து அந்தப் பெண்ணை ஒரு கோயில் திருவிழாவில் கண்டேன். "அவர் எழுதுனது அத்தனையும் சரிங்கக்கா, எதுக்குச் சிரிக்கிறாருன்னு எனக்கும் இன்னும் தெரியல" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒருநாள் சாப்பிட்டார். ரசம் எப்படி என்று என் மாமியார் கேட்டுவிட்டார். அவர் நிதானமாக இன்னொரு மிடறு குடித்துவிட்டு, உறைப்பு இருக்கிறது, உப்பு வந்ததாகத் தகவல் இல்லை என்றார். மாமியார் உப்புச் சிரட்டையை அவர் முன்னால் வைத்த வேகத்தில் பாதி தரையில் சிந்தியது.

பேராதனையில் என்ன எழுதினீர்கள் என்று யார் கேட்டாலும் "தாளிலைதான்" என்பார். சத்தியம் வாங்கியிருந்தார்களாம். சத்தியம் வாங்கினவர்கள் கப்பலேறிப் போய்ச் சேர்ந்து எத்தனை வருடம்! ஒரே ஒருநாள், மழைக்காக எங்கள் கூரைக்குக் கீழே ஒதுங்கியபோது, கேட்காமலே சொன்னார்.

"ஒருநாள் ஒரு இலக்கம் மாறி அடிச்சுப்போட்டன், பிள்ளை. ஆறு அடிக்கிற இடத்திலை ரெண்டு. பிரதி எல்லாம் போனபிறகுதான் கண்டனான். அடுத்த நாள் பேசுவினம் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. இண்டைவரைக்கும் கேக்கேல்லை."

மழை விட்டதும் போய்விட்டார். ஏழாம் பந்தி எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

நிலவரத்துக்குக் கார்பன் தாள் வைத்து எப்போதும் மூன்று பிரதி. பழக்கம். ஒன்று கூண்டுப் பலகையில் ஒட்ட. ஒன்று கோப்பில் போட. மூன்றாவது மேலிடத்துக்கு. கட்டுகஸ்தோட்டை பஸ் நிலையத்து மகாவலி மட்டத்தைக் கேட்டு எந்த மேலிடம் காத்திருக்கிறது? ஆனாலும் மூன்றாவதை நாலாக மடித்து மேசை இழுப்பறையில் போட்டு வைப்பார். இழுப்பறை நிரம்பி இறுகிப்போயிருந்த காலத்தில்தான் நான் அங்கே போனேன்.

என் வீட்டுக்காரர் சமையற்காரர். மடுல்கெல்லையில் ஒரு தோட்டத்துப் பங்களாவில் ஆரம்பித்து, கண்டியில் ஒரு ஹோட்டலில் நின்று, எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்தாம் மாதம் கொழும்பில் சரக்குக் கப்பலொன்றில் சேர்ந்துவிட்டார். இரண்டே வருடம், வந்து பாலத்தடியில் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போடுவோம் என்றார். கப்பல் கொரியா யுத்தத்துக்குச் சாமான் ஏற்றுகிறது என்பது அவருடைய மூன்றாவது கடிதத்தில்தான் தெரிந்தது. கொரியா எந்தத் திசை என்றே எனக்குத் தெரியாது. பத்திரிகையில் தினமும் அம்புக்குறி போட்ட படம் வந்தது. அம்புக்குறிகள் முட்டிக்கொண்ட இடமெல்லாம் இவர் நின்று வெங்காயம் அரிகிற மாதிரி இருந்தது எனக்கு.

டைம்கீப்பரிடம் போய், பூசான் என்ற துறைமுகத்தில் சண்டை நடக்கிறதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். யார், எந்தக் கப்பல், கடைசிக் கடிதம் எங்கேயிருந்து, எத்தனை நாள் எடுத்தது என்று எல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு இழுப்பறையை இழுத்தார். அது வரமாட்டேன் என்றது. பலமாக இழுத்து, அன்றைய மூன்றாம் பிரதியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து மேலிடம் நான்தான்.

வெளிநாட்டுப் பந்தி ஒன்று போய் நாலானது. நானாவின் ரேடியோ, இரண்டு பத்திரிகை, கொழும்பிலிருந்து வருகிற லொறிக்காரர்கள் என்று ஆள் வைத்துத் திரட்டினார். 'சியோல் கைமாறியது. யார் கைக்கு என்பதில் பத்திரிகைக்கும் வானொலிக்கும் ஒத்துவரவில்லை.' 'பூசானில் சண்டை இல்லை. ஆ-2. குளிர் கடுமை.' குளிர் கடுமை என்று வாசித்த அன்று மாமியார் கம்பளி வாங்கி அனுப்பச் சொல்லி என்னைப் படுத்திய பாட்டை என்னவென்று சொல்ல. எங்கே அனுப்புவது, கடலுக்கா?

எட்டு மாதம் இப்படி ஓடியது. சோற்றை வடித்துவிட்டு, நாலரைக்கு விசில் கேட்டதும் வாசலுக்கு வருவேன். யாராவது ஒரு கண்டக்டர் மடித்த தாளோடு வருவான். கணவனின் கடிதத்தை விட அதிகமாக நான் வாசித்தது அந்தக் கார்பன் எழுத்தைத்தான். வாசித்து வாசித்து எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரி மீன் நல்ல மீன் என்றால், யார் சொன்னது என்று வாய் தானாகக் கேட்டது.

பிறகு கடிதம் நின்றது. ஒரு மாதம். இரண்டு மாதம்.

ஒரு திங்கட்கிழமை, மூன்றாம் பிரதியில் இப்படி இருந்தது. 'கொரியக் கடலில் சரக்குக் கப்பல் ஒன்று கண்ணிவெடியில் மோதியது. வானொலி. ஆ-3. பெயர் தெரியாது. ஆட்கள் கதி தெரியாது.' கீழே ஏழாம் பந்தியிலும் அதையே திரும்ப எழுதியிருந்தார். அவர் ஒரு விசயத்தை இரண்டு இடத்தில் எழுதி நான் பார்த்ததில்லை.

செவ்வாய் ஒன்றும் இல்லை. புதன்கிழமை மாலை விசில் ஊதிக் கொஞ்ச நேரமாகியும் கண்டக்டர் யாரும் வரவில்லை. அவரே வந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டிருந்தார். தாளைப் பலகையில் ஒட்டவில்லை என்றும், ஒரே பிரதிதான் எழுதியதாகவும் சொன்னார். நீட்டினார். 'மேற்படி கப்பலில் கட்டுகஸ்தோட்டைச் சமையற்காரர் இருந்தார். கப்பல் தாழ்ந்தது. மூன்று தனித்தனி ஆட்கள், மூன்று தனித்தனி வழிகள். இ-2.'

இரண்டு என்றால் அநேகமாக மெய். அது எனக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாத என் மாமியாருக்கு என் முகத்திலிருந்தே தெரிந்துவிட்டது. அவர் போட்ட சத்தம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். டைம்கீப்பர் வாசலில் நின்றபடியே நின்றார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

விடிந்து முதல் பஸ்ஸில் மடுல்கெல்லையிலிருந்து என் கணவரின் சித்தப்பா இறங்கினார். கூட ஆறேழு பேர். சித்தப்பா எதையும் முன்னின்று நடத்துகிற ஆள். கல்யாணத்தில் பந்தலுக்கு வாழை கட்டினவரும் அவர்தான். இப்போது கையில் தேங்காய், வெற்றிலை, கடதாசியில் சுற்றிய ஒரு வெள்ளைக் கோடிச் சேலை. உடம்பு கிடைக்காத சாவுக்கு நாள் தள்ளக்கூடாது, இன்றைக்கே பொம்பளைக்குச் செய்யவேண்டியதைச் செய்து தாலியை இறக்கிவிட வேண்டும் என்றார். என் அண்ணனுக்கு ஆள் அனுப்பியாயிற்றாம். முற்றத்தில் பாய் விரித்தார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து வளையலை எண்ணினாள்.

நான், யார் சொன்னது என்று கேட்டேன். ஒப்பாரியில் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் கேட்டேன்.

"யாரு சொன்னாவா? ஊரே சொல்லுதும்மா. டைம்கீப்பர் ஐயாவே எழுதிக் குடுத்திருக்காரு. அவரு சும்மா எழுதுற ஆளா?" என்றார் சித்தப்பா. சாட்சிக்கு அவரையே கூட்டிவர ஒருவனை அனுப்பினார்.

அவர் வந்தார். முதல் நாள் சட்டைதான். உதட்டில் ஊதாப் புள்ளி பெரிதாகியிருந்தது. வெள்ளைச் சேலையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றது எனக்கே ஆச்சரியம்.

"ஐயா, அந்த மூணு பேரு யாரு?"

பன்வில பஸ் டிரைவர், மாத்தளைப் பாதைக் கண்டக்டர், கூடை தூக்கி வருகிற கருவாட்டு வியாபாரி. ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் என்றார்.

"அவங்களுக்கு யாரு சொன்னா?"

புலியின் காலை எண்ணப் பஸ் ஏறிப் போன மனிதன், இதைக் கேட்காமல் விட்டிருந்தார். அது அவருடைய முகத்தில் ஏறுவதை நான் பார்த்தேன். முதலில் காது சிவந்தது.

"கேக்கேல்லை, பிள்ளை" என்றார். "பொறும்."

ஓடினார். அவர் ஓடி ஊரில் யாரும் கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் பாலத்துப் பக்கம் விசில் கேட்டது. நீளமான விசில். புறப்படச் சொல்லும் விசில் இல்லை, நிறுத்தச் சொல்லும் விசில். பன்வில பஸ், மாத்தளை பஸ் இரண்டையும் நிறுத்திவிட்டார். பின்னால் கண்டி பஸ், லொறிகள், ஒரு பிணவண்டி கூட நின்றதாகப் பிற்பாடு சொன்னார்கள். ஒரு நிமிடப் பிந்தலுக்கு நாலு வரி விளக்கம் எழுதுகிறவர், ஏழரை பஸ்ஸை எட்டேகால் வரைக்கும் பிடித்து வைத்தார். ஹோர்ன் சத்தத்தில் எங்கள் வீட்டு ஒப்பாரி தாளம் தப்பி நின்றுபோனது.

ரேடியோ நானா கடையிலிருந்து இறங்கி, கருவாட்டு வியாபாரியைக் கூடையோடு கையைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இந்தாளையும் கேளுங்க. முழிக்கிற முழியப் பாத்தா எதையோ முழுங்கின மாதிரி ஈக்கி."

மூன்று பேரையும் முன்னால் விட்டுக்கொண்டு டைம்கீப்பர் திரும்பவும் எங்கள் முற்றத்துக்கு வந்தார். பின்னால் இரண்டு பஸ் சனமும் வந்தது. யாரிடமிருந்து கேட்டாய் என்று பன்வில டிரைவரைக் கேட்டார். டிரைவர் மெல்லக் கையை நீட்டினான். கை சித்தப்பாவிடம் போய் நின்றது. மாத்தளைக் கண்டக்டர்? அவனும் அதே பக்கம். மாத்தளையில் இருக்கும் தன் சம்பந்திக்குத் துக்கம் சொல்லச் செவ்வாய்க்கிழமை அவனுடைய பஸ்ஸில் சித்தப்பா போயிருக்கிறார். வழியெல்லாம் அழுதிருக்கிறார். கருவாட்டுக்காரர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இந்த ஐயாதான் சந்தையில் சொன்னார், சொல்லிவிட்டுக் கால் இறாத்தல் நெத்தலியும் வாங்கினார் என்றார்.

எல்லோரும் சித்தப்பாவைப் பார்த்தோம். அவருக்கு வேர்த்துவிட்டது.

"என்னை என்னத்துக்குப் பாக்குறீங்க? நானா கட்டி விட்டேன்? திங்கக்கெழம மடுல்கெல்ல கண்டக்டரு வந்து சொன்னான். கொரியாவுல கப்பல் போச்சு, நம்ம பயல் போன கப்பலாத்தான் இருக்கும்னு. எப்புடிடா தெரியும்னு கேட்டேன். கேக்காம இருப்பனா? டைம்கீப்பர் ஐயா போர்டுல எழுதி ஒட்டியிருக்காருன்னான்."

தூரத்தில் ஒரு பஸ் மட்டும் விடாமல் ஹோர்ன் அடித்தது.

டைம்கீப்பர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்று ஆள், மூன்று வழி, எல்லாம் சுற்றிச் சுற்றித் திங்கட்கிழமை அவர் ஒட்டிய அந்த ஒரு வரிக்கே வந்து நின்றன. மலைக்கு ஏறிப் போன வரி இரண்டு நாளில் மூன்று பேராக இறங்கி வந்து, அவரிடமே சாட்சி சொல்லியிருக்கிறது. அவரும் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்.

"என்ரை குரலை நானே கேட்டிருக்கிறன்" என்றார்.

அப்படியென்றால் என் பையன் இருக்கிறானா, இல்லையா, அதைச் சொல்லு என்று மாமியார் அவருடைய சட்டையைப் பிடித்துக் கேட்டார். இருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள் என்று கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் கெஞ்சியது. அவர் சொல்லவில்லை. தெரியாது என்றார். திங்கட்கிழமை என்ன தெரியுமோ அதுதான் இன்றைக்கும் தெரியும், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் என் கையைப் பிடித்திருந்தவளிடமிருந்து உருவிக்கொண்டு, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட உள்ளே போனேன். கருவாட்டுக் கூடையிலிருந்து நெத்தலியும் வாங்கிப் பொரித்தேன். இரண்டு பஸ் சனம், சும்மா அனுப்ப முடியுமா?

அன்று மாலை பலகையில் ஒரே ஒரு பந்திதான். 'நேற்றுத் தனிப்பட ஒரு வீட்டில் கொடுத்த அறிக்கை பிழை. சொன்னவர் மூவர் அல்ல, ஒருவர். அந்த ஒருவருக்கும் மூலம் இந்தப் பலகை. விசாரிக்காமல் எழுதியவர் நான்.' கையெழுத்துப் போட்டிருந்தார். பஸ்களை நிறுத்தியதற்குக் கம்பனி விளக்கம் கேட்டபோது ஏழு பந்தியில் பதில் எழுதினாராம். அதை வாசித்த மேலதிகாரி இரண்டாம் கடிதம் எழுதவில்லை.

ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள். தினமும் மூன்றாம் பிரதி வந்தது. 'கப்பல்: செய்தி இல்லை.' அதற்குப் பக்கத்தில் எழுத்தும் இல்லை, இலக்கமும் இல்லை. செய்தி இல்லை என்பதை மட்டும் அவர் அத்தனை தடவை எழுதினார்.

எட்டாம் கிழமை ஒரு மத்தியானம். கதவு தட்டும் சத்தம். திறந்தால் முன்னால் டைம்கீப்பர், பின்னால் தகரப் பெட்டியும் தலையில் ஒரு வெளிநாட்டுத் தொப்பியுமாக என் வீட்டுக்காரர். கண்டி பஸ்ஸில் வந்து இறங்கியவரை இவர் அப்படியே வீட்டுக்கு விடவில்லையாம். கூண்டுக்குள் உட்காரவைத்து, தாயார் பெயர், கல்யாணம் நடந்த கோயில், மடுல்கெல்லையில் துரைக்குப் போட்ட புடிங் எது என்று எல்லாம் விசாரித்திருக்கிறார். கப்பல் யப்பானில் பழுதுபார்க்கக் கிடந்ததாம். கடிதங்கள் கிடந்த இடம் யாருக்கும் தெரியாது. ஐந்தும் ஒன்றாக அவருக்குப் பிறகு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தன.

நான் வீட்டுக்காரரைப் பார்க்கிறேன். நடுவில் ஒரு கை தாளை நீட்டுகிறது. வாங்கி வாசிக்கும்வரை அவர் வழி விடவில்லை. 'ஆள் ஒருவர். நேரில். உயிருடன். சற்று மெலிவு.'

"என்னா புள்ள, என்னைய வாசிச்சுப் பாத்துதான் உள்ள விடுவியா?" என்றார் வீட்டுக்காரர்.

அந்தக் கோடிச் சேலையை மாமியார் நாலாகக் கிழித்து இட்லித் துணி ஆக்கினார். பாலத்தடியில் கடை போட்டபோது முதல் ஈடு அதில்தான் வெந்தது. தன் சாவுக்கு வந்த துணியில் வெந்த இட்லி என்று தெரிந்தே என் வீட்டுக்காரர் ஏழு தின்றார். சித்தப்பா பத்து.

கொரியாவில் துப்பாக்கி ஓய்ந்த செய்தி வந்த அன்று பலகையில், 'யுத்தம் நின்றது. முடிந்ததா என்பது தெரியாது' என்று எழுதினார். ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு எத்தனை வருடப் பத்திரிகை வாசித்துவிட்டேன். அந்த இரண்டாவது வசனத்தைத் திருத்துகிற செய்தி ஒன்றும் இதுவரைக்கும் என் கண்ணில் படவில்லை.

அடுத்த தை மாதம் அவருக்கு ஊர்ப் பக்கம் வேலை கிடைத்தது. பருத்தித்துறையிலோ, சாவகச்சேரியிலோ. எங்கே என்று சரியாகத்தான் சொல்லியிருப்பார். மறந்தது நான். யாழ்ப்பாணத்து பஸ் மாத்தளைப் பாதையால் போகும். இத்தனை வருடம் பஸ்ஸுக்கு வெளியே நின்று விசில் ஊதியவர், முதல்தடவை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. கையை எங்கே வைப்பதென்று தெரியாத உட்காரல். நானா பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, ரேடியோவுக்கு இனியாவது ஒரு 'அ' போடுங்கள் என்று கேட்டு, முடியாது என்று பதில் வாங்கிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் கடையிலிருந்து சோற்றுப் பொட்டலம் எடுத்துவர ஓடினார். ஜன்னலில் நான் மட்டும்.

அவர் பாலத்தைப் பார்த்தபடியே சொன்னார். "பிள்ளை, அண்டைக்கு நான் எழுதினது பிழை எண்டது ஊருக்குத் தெரியும். நான் அதை நம்பினனான். அது ஒருத்தருக்கும் தெரியாது. நீர் கேட்டிராட்டி, ஓம், தாலியைக் கழட்டுங்கோ எண்டு நானே சொல்லியிருப்பன்."

வீட்டுக்காரர் பொட்டலத்தோடு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தார். புது டைம்கீப்பர் விசிலை வாயில் வைத்துவிட்டான்.

"நானும் நம்பிட்டேன்யா" என்றேன். "நீங்க தாளைக் குடுத்ததுலருந்து விடியிற வரைக்கும் முழுசா நம்பிட்டேன். அவருகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க."

பஸ் அசைந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"எழுதமாட்டன்" என்றார்.